புள்ளி விழாத தட்டு

படூர்க் கல்லூரி ஆய்வகத்தில், சத்துக்கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டுகளைத் திறந்துவைத்து, காற்றிலிருந்து விழுந்து வளரும் பூஞ்சைகளை எண்ணுவது பிரிசில்லாவின் வேலை. மகள் எஸ்தருக்கு ஓயாத மூச்சிரைப்பு. நெம்மேலியில் கணவன் சாம் தன் கையாலேயே கட்டிய வீடுதான் காரணமோ என்று பயந்து, படுக்கையறையிலும் ஒரு தட்டை வைத்தாள்.

மறுநாள் சாம் எடுத்துக் கொடுத்த அந்தத் தட்டை ஆய்வகத்தில் வைத்துச் சில நாள் கழித்துப் பார்த்தால், அதில் ஒரு புள்ளிகூட இல்லை! ஆனந்தக் கண்ணீரோடு வீட்டுக்கு ஓடினாள்.

"நம்ம வூடு சுத்தம், சாம்!"

"பின்ன இன்னா? நீபாட்டுக்கு அல்வாவாட்டம் தொறந்து வெச்சிட்டுப் பூட்ட. ஈ மொய்க்குமேன்னு நான்தான் அப்பவே மூடிட்டேன்."

மூடிய தட்டில் எந்தப் பூஞ்சை விழும்?

மறுபடி திறந்துவைத்த தட்டு முழுக்கப் பூஞ்சையால் கறுத்தது. சாம் தான் பூசிய சுவரை வெகுநேரம் தடவிக்கொண்டு நின்றான்.

"நாளைக்கே வாடகை வூடு பாக்கலாம்மே. புள்ள மூச்சு வுடணும்."