பட்டியலில் இல்லாத வீடு

போன வாரம் ஒரு வெள்ளைப் பையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நர்ஸ் தோளில் தொங்குகிற பை. தண்டையார்பேட்டையில் எங்கள் சந்துக்குள் நுழையும், என் வீட்டைத் தாண்டும், நேராக எதிர்வீட்டு அஞ்சலையிடம் போய் நிற்கும். வெயில் எகிறுகிற நாளெல்லாம் இதே கதைதான். பி.பி. பார்ப்பார், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் தருவார், தண்ணீர் குடித்தாளா என்று விசாரிப்பார். காசிமேட்டில் நாற்பது வருடம் மீன் விற்ற அஞ்சலை, மகாராணி மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு வயிறு எரியும். ஏன், என் வீட்டில் மட்டும் வெயில் அடிக்காதா?

அன்றைக்குக் கரண்ட் வேறு இல்லை. காலையிலிருந்து தலைசுற்றல், கெண்டைக்காலில் பிடிப்பு. அந்தப் பை அன்றும் என் வாசலைத் தாண்டியபோது பொறுக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டே விட்டேன்.

"ஏம்மா, எங்க வீடெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியாதா?"

நர்ஸ் கோபப்படவில்லை. மொபைலைத் தட்டிப் பார்த்தார். "வெயிலோ வெள்ளமோ வந்தா யாரை முதல்ல பார்க்கணும்னு லிஸ்ட் இருக்கும்மா. சர்வேக்கு வந்தப்போ நீங்கதான் சொல்லியிருக்கீங்க... வயசு அம்பத்தெட்டு, வீட்ல ஏசி இருக்கு, மகன் கூடவே இருக்கார்னு."

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வாசலிலிருந்து அஞ்சலை:

"இன்னாமே இது? அறுவத்தொம்போது ஆவுது உனுக்கு. ஏசி ரிப்பேராயி ரெண்டு வருசமா சும்மா தொங்கிகினு கீது. புள்ள துபாய்ல கீறான். நாளைக்கு நீ வுயுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்மே?"

பருவநிலை மாறுகிறது, சுகாதாரத் துறை தயாராக வேண்டாமா என்று பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில் எத்தனை முறை சாடியிருப்பேன்... அவர்கள் தயாராகத்தான் வந்தார்கள். நான்தான் கௌரவம் பார்த்து, வாசலில் வைத்தே மூன்று பொய் சொன்னேன். தனியாக இருக்கிறேன் என்று சொல்ல அவ்வளவு வெட்கம். இப்படிப்பட்டவளை எந்தத் திட்டம் வந்து காப்பாற்றும்?

நர்ஸ் என்னை உட்காரவைத்து, கரைசல் கலந்து கொடுத்து, அங்கேயே திருத்தினார். வயது அறுபத்தொன்பது. ஏசி வேலை செய்யவில்லை. தனியாக இருக்கிறார்.

லிஸ்ட் வயது வரிசையாம். இப்போது பை முதலில் என் வீட்டுக்குத்தான் வருகிறது. எதிர்வாசலில் அஞ்சலை முறைத்துக்கொண்டு நிற்கிறாள் — பாவம், அவளுக்கு அறுபத்தெட்டுதான்.

வயதில் ஒருத்தியை முந்தியதற்காக நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.