அக்காவை மட்டும் தொட்ட வீடு

போன வருடம், கத்திரி வெயில் தொடங்கிய வாரம். திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து மலைப்பக்கம் பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. முதல் நாள் அரைமணி நேரம் கோடை மழை பெய்துவிட்டுப் போனது. பாறைச் சூடும் ஈரமும் சேர்ந்து அடுத்த பத்து நாளும் ஊரையே இட்லிப் பானைக்குள் வைத்ததுபோல் ஆக்கிவிட்டன. சுவர் வியர்த்தது. ஃப்ரிட்ஜ் வியர்த்தது.

அப்பாவுக்கு ஓசூரில் வேலை. வீட்டில் அம்மா, நான், ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா. வீட்டில் ஓடுகிற அத்தனை பொருளுக்கும் நான்தான் டாக்டர்! படித்தது கம்ப்யூட்டர், மற்றதெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றது. ஏசி ஃபில்டரைக் கழுவுவேன், வாஷிங் மெஷின் ரப்பரில் படியும் பூஞ்சையைத் துடைப்பேன், ஞாயிறுதோறும் ஃப்ரிட்ஜை இழுத்துப் பின்பக்கத் தூசியைத் தட்டி மறுபடி சுவரோடு தள்ளி வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மழைக்கு மறுநாள்தான் அக்கா முதலில் சொன்னாள்.

"ஃப்ரிட்ஜைத் தொட்டா யாரோ விரலால தடவுற மாதிரி இருக்குடி."

உடனே போய் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அம்மாவும் வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஷாக் அடிக்கிறதோ என்று அக்காதான் கேட்டாள். "கரன்ட்டுக்கு ஆள் பாத்து அடிக்கத் தெரியுமா? உனக்குத் தூக்கம் கம்மி, அவ்ளோதான்" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் அது சமையலறைக் குழாய்க்கு வந்தது, பிறகு வாஷிங் மெஷினுக்கு. எப்போதும் இல்லை, சில நேரம் மட்டும். ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கும் நேரத்தைக் காட்டி ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "அது மூச்சு விடும்போதுதான் என்னைத் தொடுது." நல்ல வெளிச்சமான காலை வேளை. எனக்கும் ஒரு கணம் பயமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளாமல், கர்ப்ப காலத்தில் நரம்புகள் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று போனில் தேடி அவளுக்கே வாசித்துக் காட்டினேன்.

பிறகு குரங்குகள். வெயில் காலத்தில் மலையிலிருந்து இறங்கி வந்து எங்கள் பின்பக்கக் குழாயைத் தாமே திருகித் தண்ணீர் குடிக்கும். அந்த மதியம் ஏழெட்டு குரங்குகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. கத்தவும் இல்லை. குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாய் உலர்ந்து, குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா ஜன்னலருகே நின்று, "அதுங்களுக்கும் தெரியுது பாரு" என்றாள். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

அம்மா முடிவு கட்டிவிட்டார். "பௌர்ணமி கூட்டத்துல எதையோ மிதிச்சுட்டு வந்துட்டா இவ." வெள்ளிக்கிழமை காலை சமையலறையை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, ஃப்ரிட்ஜுக்குத் திருநீறு பூசி, அதன் முன்னால் அக்காவை நிறுத்திச் சுற்றிப் போடுவதாக ஏற்பாடு. தரை இன்னும் காயவில்லை. அக்கா தயங்கினாள். அவள் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"இரு, நீ தொட வேணாம். நான் போய்த் தொட்டுக் காட்டுறேன்."

"திருநீறு பூசின எடத்துக்குச் செருப்போட போறியே, அறிவிருக்காடி? கழட்டு!" என்றார் அம்மா. அம்மாவுக்குக் குதிகால் வலி, எனக்குப் பழக்கம். நாங்கள் இருவரும் வீட்டுக்குள் ரப்பர் செருப்போடுதான் நடப்போம். கழற்றி உதறிவிட்டுப் போய், சிரித்துக்கொண்டே கதவின் ஓரத்தைப் பிடித்தேன்.

ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. திறக்கச் சொன்னேன், கேட்கவில்லை. தோள்வரை யாரோ உள்ளுக்குள்ளிருந்து இழுப்பதுபோல் இருந்தது. கத்த வாய் திறந்தும் சத்தம் வரவில்லை. முழங்கால் மடங்கி உடல் பாரம் சரிந்ததில்தான் கை பிய்ந்து வந்தது. ஈரத் தரையில் விழுந்து கிடந்தேன். அக்கா என்னைத் தூக்க ஓடி வந்தாள், குனிவதற்காக ஃப்ரிட்ஜில் ஊன்றிக்கொள்ளக் கையை நீட்டியபடி. கிடந்தபடியே அவள் காலை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன். அவள் கைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சாண்.

என் கையில் இருந்தது வீங்கிய வெறும் பாதம். எந்தச் செருப்பும் நுழையவில்லை என்று வந்த நாளிலிருந்து அவள் வெறுங்காலோடுதான் நடந்துகொண்டிருந்தாள். கரன்ட்டுக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரிந்திருக்கிறது.

அம்மா மெயினை அணைத்தார். அடுத்த தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மறுபடி போட்டு, ஒவ்வொன்றிலும் டெஸ்டரை வைத்தார். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், சமையலறைக் குழாய், பின்பக்க இரும்புக் குழாய். தொட்ட இடமெல்லாம் சின்னச் சிவப்பு வெளிச்சம், வீடு ஒவ்வொரு கண்ணாகத் திறப்பதுபோல. நான் அடிக்கடி இழுத்துத் தள்ளியதில் ஃப்ரிட்ஜின் பின்னால், மோட்டார் ஓடும்போது மட்டும் கரன்ட் ஏறும் ஒரு வயர் தகட்டில் உரசித் தோல் கிழிந்து, புழுக்கத்தின் ஈரம் ஏறியிருந்தது.

"அது ஒரு தப்பு. ஆனா எர்த் ஒழுங்கா இருந்தா இவ்ளோ தூரம் வராதே. எர்த் குழி எங்கம்மா இருக்குது?"

நான் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன். பொங்கலுக்கு முன்னால், வாஷிங் மெஷினைச் சுற்றி அழகாக இருக்கட்டும் என்று குழியையும் மூடி டைல்ஸ் போடச் சொன்னது நான். அதுவரை வெயில் காலத்தில் அம்மா அந்தக் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். மண்ணுக்கு எதற்குத் தண்ணீர் என்று கேலி செய்ததும் நான்.

"குழி காஞ்சுபோச்சு. கசியற கரன்ட்டு மண்ணுக்குப் போவாம வீடு பூரா சுத்தினு இருந்திருக்குது. பாப்பா வயித்துல புள்ளையோட கீறாங்க, தப்பிச்சீங்க" என்றபடி உளியை எடுத்து அவர் டைல்ஸை உடைக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தோம். குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருந்தது. திரும்பும்போது ஆட்டோவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ நெஜமாவே என்னைத் தொட்டுச்சு இல்ல? எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சுன்னு நெனச்சேன்டி. இது கொழந்தைக்கும் வந்துடுமோன்னு டெய்லி ராத்திரி அழுவேன்."

கரன்ட் என்னைப் பிடித்து வைத்திருந்தது சில நொடிகள். பத்து நாளாக அவள் உணர்ந்ததை அவளிடமே இல்லையென்று ஆதாரத்தோடு வாசித்துக் காட்டிய என் குரல் நினைவுக்கு வரும்போதெல்லாம், இன்றும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.