முட்டுகிற மூன்று ஆடுகளும் ஒரு சிடுமூஞ்சியும்

அந்தப் பண்ணைக்கு வந்து போகிறவர்களில் பாதிப் பேருக்கு அங்கே ஓர் அக்கா இருப்பதே தெரியாது. தம்பி அப்படி ஏற்பாடு செய்திருந்தான். முன்பக்கம் டிக்கெட் ஜன்னல், குழந்தைகள் தீவனம் ஊட்டும் மேடை, போட்டோ எடுக்க வைக்கோல் கட்டு. அங்கே தம்பியும் அவன் பெண்டாட்டியும் காலையிலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அக்காவுக்குப் பின்பக்கத்து ஆட்டுப்பட்டி.

பதினோரு வருடத்துக்கு முன்பு, சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் ஒரு சுட்டிப்பெண் ஆட்டுக்குட்டியின் வாலைப் பிடித்து இழுத்தாள். அக்கா அவள் காதைப் பிடித்து இழுத்து, "வலிக்குதா? அதுக்கும் அப்படித்தான் வலிக்கும்" என்றாள். பெற்றவள் ஊரைக் கூட்டிவிட்டாள். அன்றைக்கே அக்கா பின்னால் போனாள். சிடுமூஞ்சி என்ற பெயர் மட்டும் முன்பக்கம் நின்றுவிட்டது.

பண்ணையின் பெருமை செங்காது ஆடு. வெளியே அந்த இனம் அநேகமாக அற்றுப்போய்விட்டது. தம்பியும் அதைக் கண்ணும் கருத்துமாகத்தான் காத்தான். முட்டுகிற ஆட்டைக் கழித்தான், கொஞ்ச விடுகிற ஆட்டைப் பெருக்கினான். இப்போது முன்பக்கம் முப்பத்திரண்டு. மடியில் தூக்கி வைத்தாலும் சும்மா இருக்கும், பிஸ்கட்டைக் காட்டினால் பெற்ற குட்டியை மறக்கும். கழித்ததில் ஒரு கிடாவையும் இரண்டு பெட்டைகளையும் அக்கா சண்டை போட்டுத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். மூன்றும் முட்டும். போன மாதம் பெட்டைகளில் ஒன்று குட்டி போட்டிருந்தது.

அவை போவதற்கும் நாள் வந்தது. பின்பட்டி இருக்கும் இடத்தில் ஊஞ்சல் போட வேண்டுமாம். கறிக்கடைக்காரர் வண்டியோடு வந்து தாழ்ப்பாளைத் திறக்கச் சொன்னபோதுதான் அக்காவுக்கே விஷயம் தெரிந்தது. அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. இவையும் போய்விட்டால் அந்தப் பண்ணையில் அவளுக்கென்று என்ன இருக்கிறது?

அதே நேரம் முன்பக்கம் இனப்பதிவு அதிகாரி வந்திருந்தார். சான்றிதழைப் புதுப்பிக்காவிட்டால் 'அரிய இனம் காக்கும் பண்ணை' என்று சொல்லிக்கொள்ள முடியாது.

"காது இருக்கு, நிறம் இருக்கு. குணம் எங்க?" என்றார் அதிகாரி அம்மா.

"குணம் தங்கம் மேடம்! இதுவரைக்கும் ஒரு குழந்தையக்கூட முட்டினதில்ல." தம்பி பெண்டாட்டி வேகமாகத் தலையாட்டினாள். வேலிக்கு ஓணான் சாட்சி.

"அதத்தான் நானும் கேக்கறேன். குட்டிகிட்ட நாய் வந்தா முட்டித் தள்ளும்னு பதிவேட்டுல முதல் வரியே இருக்கு. இது என் பையை இல்ல நக்குது?"

பின்னாலிருந்து தடாலென்று சத்தம் கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். கறிக்கடைக்காரர் முதலில் குட்டியைத் தூக்கியிருக்கிறார். இப்போது அவர் தீவனத் தொட்டிக்குள் மல்லாந்து கிடந்தார். தாயாடு மறுபடி பின்வாங்கிக் குறி பார்த்துக்கொண்டிருந்தது.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "இதுதான் செங்காது! சான்றிதழ் இதுங்களுக்குத்தான். இதுங்க இங்க இருக்கற வரைக்கும்தான். யாரு வளர்த்தது?"

"நாங்கதான் மேடம். குடும்பமா," என்றான் தம்பி, கூசாமல்.

"அப்ப உள்ள போய்ப் புடிங்க. காதுல எண் மாட்டணும்."

தம்பி தாழ்ப்பாளை இழுத்தான். கிடா தலையை நிமிர்த்தியது. தாழ்ப்பாள் பழைய இடத்துக்கே போனது.

"அக்கா... நீ கொஞ்சம் உள்ள போறியா?"

"என்னைக் கேட்டாடா வித்த?"

"இல்லக்கா."

"இனிமே?"

"கேக்கறேன்க்கா. எதுன்னாலும் கேக்கறேன்."

அக்கா உள்ளே போனாள். ஆடுகள் அவளுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றன. கறிக்கடைக்காரர் வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாளே தம்பி பெயிண்ட் காயாத பலகையோடு வேலிக்கு அந்தப்பக்கம் நின்றான். 'அசல் முட்டும் ஆடு! தனி டிக்கெட்!'

"மாட்டலாமாக்கா?"

அக்கா எழுத்துக் கூட்டுவதுபோல் நிதானமாகப் படித்தாள். "நாளைக்கு வந்து கேளு."

மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். முடியாது என்பதை அவள் முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். ஆனால் பதினோரு வருடம் கழித்து ஒருவன் தன்னைக் கேட்க வருகிறான். அதை ஒரே வார்த்தையில் முடித்துவிட அவளுக்கு மனசு வரவில்லை.