காய்ந்ததென்று வெட்டிய வேலி

சொந்த வீட்டின் பின்கேட்டுக்கு முன்னால் நின்று இரண்டு முறை கைதட்டிக் குரல் கொடுத்தேன். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. "உள்ள யாருங்க இருக்கா? நம்ம வீடுதானே?" என்று பக்கத்தில் நின்ற மனைவி செல்வி சிரித்தாள். நான் குவைத்தில் பதினெட்டு வருடமாக வில்லாக்களில் தோட்ட வேலை பார்ப்பவன். அங்கே பின்வாசலில் நின்று குரல் கொடுத்து, வீட்டுப் பெண்கள் உள்ளே போக நேரம் விட்டு, அதன்பிறகுதான் தோட்டத்தில் கால் வைக்க வேண்டும். பழகிப்போய்விட்டது. இலுப்பூர் எல்லையில், என் பெயரில் பத்திரம் உள்ள வீட்டின் கதவைத் திறக்கவும் எனக்கு யாரோ அனுமதி தர வேண்டியிருந்தது.

வீட்டை போன வருடம் போனிலேயே பேசி முடித்தோம். விற்றவர்கள் திருச்சிக்குப் போய் எட்டு வருடம் பூட்டிக்கிடந்த வீடு. சுவர்கள் நன்றாகவே இருந்தன. கொல்லைதான் காடாகிக் கிடந்தது. ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம், எருக்கு, நடக்க விடாத நெருஞ்சி, நடுவில் உடைந்த ஓட்டுக் குவியல். செல்வி கல்யாணமான நாளிலிருந்து என் அண்ணன் வீட்டில் ஒற்றை அறையில் இருப்பவள். அவளுக்கு இருந்தது ஒரே நிபந்தனை. "பாம்பு பயமில்லாம ஆக்கிக் குடுங்க. மறுநாளே பெட்டியத் தூக்கிட்டு வாரேன்." மகள் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். நான் கிளம்பிவிட்டால் செல்வி இங்கே தனியாகத்தான் இருக்க வேண்டும். என் விடுமுறை நாற்பது நாள்.

விடுமுறை எப்படிக் கரையும் என்று என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: சொந்தக்காரர் வீடுகளுக்குப் பத்து நாள், காய்ச்சலுக்கு ஐந்து நாள், கையெழுத்துக்காக அலுவலக வாசல்களில் ஒரு வாரம். மிச்சம்தான் நமக்கு. ஜேசிபி வைத்தால் அரை நாள் வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை. ஊரான் தோட்டத்துக்கெல்லாம் குனிந்த முதுகு, சொந்தத் தோட்டத்துக்குக் குனியாதா என்ற வீம்பு. ஒரு சாண் தோண்டியதும் சரளைக்கல். கடப்பாரை 'ணங்' என்று எகிறி உள்ளங்கையைக் கிழித்தது. குவைத்தில் மண்ணை லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள், விரலாலேயே நட்டுவிடலாம். அங்கே என்னை எல்லோரும் 'ஹிந்தி', அதாவது இந்தியன், என்பார்கள்; எனக்கு ஹிந்தி மொழியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. இங்கே 'குவைத்துக்காரர்' என்றார்கள். பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தபடி கருவேலத்தை வெட்டினேன்.

முப்பத்திரண்டாம் நாள் கருவேலம் ஒழிந்தது. கிழக்குப் பக்க எல்லையில் வரிசையாகக் கிளுவைக் குச்சிகள் நின்றன. ஒன்றிலும் இலை இல்லை. சாம்பல் நிறத்தில், முள்ளும் வற்றலுமாக. எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. எங்கள் முதீர், அதாவது மேலாளர், எகிப்துக்காரர். இலை கொட்டிய செடியைக் கண்டால் "ஹாதா மாத், கலாஸ்" என்பார். செத்துவிட்டது, முடிந்தது. வீட்டுக்காரர் கண்ணில் படுவதற்குள் பிடுங்கிவிட்டு, நர்சரியிலிருந்து பச்சையாக வந்ததை அதே குழியில் வைக்க வேண்டும். பதினெட்டு வருடமாக என் கை அதைத்தான் செய்துவருகிறது. பங்குனி வெயிலில் ஒன்றரை நாளில் அந்த வேலி முழுவதையும் அடியோடு வெட்டி, தூரையும் தோண்டிப் போட்டு, காலையில் கொளுத்துவதற்காகக் குவித்துவைத்தேன். செய்து முடித்ததும் பெருமையாகக்கூட இருந்தது.

காலையில் பக்கத்துக் கொல்லைக்காரர் காமாட்சி அக்கா வந்து நின்றார். ஆடு வளர்ப்பவர், செல்வியைவிடப் பத்து வயது மூத்தவர். முகத்தில் சிரிப்பில்லை.

"என்ன தம்பி, வேலியவே எடுத்துட்டீங்க? சர்வேயரு எப்ப வாராரு?"

"சர்வேயரா? எதுக்குக்கா?"

"அளக்கத்தானே எடுத்தீங்க. கல்லு ஊண்டி காம்பவுண்டு போடப்போறீங்க. சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்ல. இது எங்க மாமனாரு போட்ட வேலி. ரெண்டு வீட்டுக்கும் பொது."

"இல்லக்கா, காஞ்சு போயிருந்துச்சு. செத்துப்போச்சுன்னு..."

அவர் என்னை நம்பவில்லை. எப்படி நம்புவார்? இந்த ஊரில் பிறந்த எவன் கோடையில் இலை உதிர்த்த கிளுவையைச் செத்தது என்று சொல்வான்? குவியலிலிருந்து ஒரு குச்சியை உருவி, கட்டைவிரல் நகத்தால் கீறி என் மூக்குக்கு நேரே நீட்டினார். உள்ளே பச்சை, ஈரம். அந்த வாசனை வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சின்ன வயதில் அப்பா கடப்பாரையால் குழி போட, நடுவதற்கு வெட்டிய கிளுவைப் போத்துகளைக் கட்டுக்கட்டாக அவர் பின்னால் சுமந்துபோனவன் நான். கோடையில் மொட்டையாகும், மழைக்குத் துளிர்க்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை. எப்போது அதை மறந்தேன் என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

அக்கா குச்சியைக் குவியலில் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அன்று மதியம் செல்வி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நீங்க அடுத்த வாரம் ஏறிப் போயிருவீங்க. நான்ல இங்கிட்டு இருக்கணும். ஒரு காய்ச்சல்னா கதவத் தட்டுறதுக்கு எனக்கு அந்த அக்காதான். அவுகளையும் பகையாக்கிட்டுப் போறீங்க. பாம்புகூடப் பரவால்லைங்க."

நாற்பது நாளில் அவளுக்கு ஒரு வீட்டை உண்டாக்கித் தர வந்தவன், அவளுக்கிருந்த ஒரே துணையை வெட்டிக் குவித்திருந்தேன்.

சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். காம்பவுண்டு போட மாட்டேன் என்றும், அதே குச்சிகளை அங்கேயே திரும்ப ஊன்றுகிறேன் என்றும் சொன்னேன். "எங்க குத்தணும்னு நீங்களே வந்து காட்டுங்கக்கா. நீங்க சொல்ற எடத்துல குத்துறேன்." அவர் ஆட்டுக்குத் தழையைக் கட்டி முடித்தார். பிறகு, "நாளைக்கு வெயில் தாழ வாரேன். தண்ணியூத்தி வைங்க, மண்ணு எளகட்டும்" என்றார்.

மூன்று பேருமாக இரண்டு நாள் நட்டோம். நான் குழி போட, செல்வி போத்தைப் பிடிக்க, அக்கா காலால் மண்ணை மிதித்து இறுக்கினார். தூர் தோண்டிய பழைய குழிகள் தெளிவாகவே தெரிந்தன. ஆனாலும் வேப்பமரத்துப் பக்கம் வந்தபோது அக்கா காட்டிய இடம் எங்கள் பக்கமாக ஒரு முழம் தள்ளியிருந்தது. கடப்பாரையை ஓங்கியவன் செல்வியைப் பார்த்தேன். அவள் அடுத்த போத்தை எடுத்து அந்த இடத்தில் பிடித்தாள். அங்கேயே குத்தினேன். அக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்கள் குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தார்.

நாற்பதாவது நாள் நான் விமானம் ஏறியபோது வேலி மொட்டையாகத்தான் நின்றது. ஒரு கிளுவைகூடத் துளிர்க்கவில்லை. செல்வி சொன்னபடி மறுநாளே குடிவந்துவிட்டாள். நான் தினமும் போனில் அதிகாரி மாதிரி கேட்டேன்: தண்ணீர் விட்டாயா, ஆடு கடித்ததா, எத்தனை பிழைக்கும்? "நாங்க பாத்துக்கிறோங்க" என்றாள். 'நாங்க' என்பதில் நான் இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

வைகாசியில் கோடை மழை இறங்கிய மறுநாள் வீடியோவில் கூப்பிட்டாள். நான் யாருடைய வேலியையோ கத்தரித்துக்கொண்டிருந்தேன். "பாருங்க" என்று போனை வரிசை நெடுகக் காட்டிக்கொண்டே வந்தாள். குச்சிக்குக் குச்சி பச்சைப் பொட்டுகள். ஏழெட்டுதான் போயிருந்தன. நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல், "செல்வி, சட்டியப் பிடி, சுடுது." இரண்டு கையும் வேண்டியிருந்தது அவளுக்கு. போனை இரண்டு போத்துகளுக்கு நடுவில் செருகிவிட்டு அவள் போய்விட்டாள்.

எனக்குக் கொஞ்சம் வானமும், ஆடுகிற நான்கைந்து துளிர்களும் மட்டும் தெரிந்தன. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் பேசிச் சிரிப்பது கேட்டது. குழம்பில் புளி கூடிவிட்டதா என்று ஒரு வழக்கு நடந்தது. என்னை மறந்துவிட்டார்கள். கூப்பிட்டால் வந்திருப்பாள். நான் கூப்பிடவில்லை. மேலாளர் தூரத்திலிருந்து என்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை வெயிலில் நின்றேன்.