காட்டின்மேல் பூத்த உப்பு

கவிதா என் ஓவியத்தில் உப்பைத் தூவவில்லை. தூவினாள் என்று வீடு முழுக்கச் சொன்னவள் நான். அது பொய்யென்று தெரிந்த பிறகும் வாய் திறக்காதவளும் நானே!

கவிதா என் கொழுந்தனின் மனைவி. திண்டுக்கல்லில் ஒரே வீட்டில் இருக்கிறோம். கைப்பேசியில் பார்த்து இருவரும் சேர்ந்தேதான் நீர்வண்ணம் பழகினோம். சிறுமலையில் எடுத்த படத்தை வைத்துக் காடு வரைவோம். அவளுடைய காட்டில் இலைகளுக்குள் வெயில் இறங்கும். என்னுடையது கீரைக்கட்டு மாதிரி இருக்கும். எனக்கு வயிறு எரிந்தது... உங்களிடம் மறைப்பானேன்?

ஒரு கண்காட்சிக்காக, மாடியறையில் உட்கார்ந்து உயிரைக் கொடுத்து ஒரு காடு தீட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால், கரும்பச்சை மரங்களின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது!

ஈர வண்ணத்தில் உப்பைத் தூவினால் பனி விழுந்தாற்போல் ஆகும். அந்த வித்தை வீட்டில் யாருக்குத் தெரியும்? எனக்கும் அவளுக்கும்தான். முந்தின நாள் மாடிக்கு ஏன் போனாள்? துணி எடுக்க அத்தனை நேரமா? அவள் சிரித்தாலும் சந்தேகப்பட்டேன், சிரிக்காவிட்டாலும் சந்தேகப்பட்டேன். கணவரிடம் சொன்னேன், மாமியாரிடம் சொன்னேன். மாடியறைக்கு ஒரு பூட்டும் வாங்கி மாட்டினேன். எங்கள் ஊரில் அதற்கு அலையவா வேண்டும்?

கவிதா பூட்டைப் பார்த்தாள்.

"நான் தொடலக்கா" என்றாள்.

பிறகொரு நாள் தூரிகை கழுவும் குவளையை எடுத்தேன். தண்ணீர் வற்றி, அடியில் அதே வெள்ளை படிந்திருந்தது. அந்தக் காட்டைத் தீட்டிய அன்று நல்ல தண்ணீர் வரவில்லை. குடத்தில் இருந்ததைச் சமையலுக்கு விட்டுவிட்டு, மாடிக் குழாயில் போர் தண்ணீரைப் பிடித்து வரைந்தது நான்தான். எங்கள் தெருவில் அந்த உப்புத் தண்ணீர் வாளியையே வெளுக்க வைத்துவிடும். கவிதாவோ எப்போதும் குடிக்கிற தண்ணீரில்தான் வரைவாள்.

பூட்டைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் கவிதா வரைவதையே விட்டிருந்தாள். தன் வண்ணப்பெட்டியை என்னிடமே கொடுத்தாள். இதில் என்ன உள்நோக்கமோ என்று அதையும் திறந்து முகர்ந்து பார்த்தேன்... என்ன பிறவி நான்!

இப்போது அந்த அறை திறந்தேதான் கிடக்கிறது. மடித்த துணியை அலமாரியில் வைக்க வந்தாலும் கவிதா வாசலிலேயே நிற்கிறாள்.

"அக்கா, செத்த வாங்க. நீங்க இருக்கும்போதே வச்சுட்டுப் போயிர்றேன்."

நானும் போய் நிற்கிறேன். அவள் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் என் பக்கம் விரித்துக் காட்டிவிட்டுப் போகிறாள்.