நல்வரவு என்கிற பியென்வெனிதோ

தேசிய கீதம் தொடங்கியதும் தெருவே எழுந்து நின்று டிவியைப் பார்க்கும். பியென்வெனிதோ மட்டும் எழுந்து நின்று எதிர்ச் சுவரைப் பார்ப்பார். கை நெஞ்சில்தான் இருக்கும், மரியாதையில் குறை சொல்ல முடியாது. பாட்டு முடிந்ததும் ஃபெலிசாவின் மளிகைக் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை டிவிக்கு முதுகு காட்டிப் போட்டு உட்காருவார். "சரி, ஆரம்பிக்கட்டும்," என்பார். ஆட்டம் நடக்கும் மயாமி மைதானத்து நடுவர் இவருடைய உத்தரவுக்காகத்தான் காத்திருக்கிறார் என்று தோன்றும்.

ஊர் சான் பெத்ரோ, கரும்பாலைக்குப் பின்தெரு. தொழில் பங்க்சர் ஒட்டுவது. பியென்வெனிதோ என்றால் எங்கள் பேச்சில் நல்வரவு என்று பொருள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் எங்கள் டொமினிக்கன் அணி பேஸ்பாலில் வேறு நாட்டோடு மோதுகிற நாளில் அவரை வா என்று கூப்பிட இந்தத் தெருவில் ஆள் கிடையாது.

ராசி அப்படி. ஒரு கோப்பை ஆட்டத்தில் ஐஸ் மூட்டையோடு கடைக்குள் காலை வைத்தார். அடுத்த பந்தையே கியூபாக்காரன் வேலியைத் தாண்டி அடித்தான். அடுத்த முறை "எத்தன ரன்னு?" என்று மட்டும் கேட்டார், கைக்குள் வந்த பந்தை எங்கள் ஆள் நழுவவிட்டான். அதற்கடுத்த முறை வாயே திறக்காமல் எட்டிப் பார்த்தார், கரண்ட் போய்விட்டது. இந்தத் தெருவில் கரண்ட் தினமும்தான் போகிறது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

"ராசின்னா உயரம், கலரு மாதிரி. யாருகிட்ட போயி மனு குடுக்கிறது?" என்பார் அவர். அவர் உற்றுப் பார்த்தால் நல்ல டயரும் இறங்கிவிடுகிறது என்று மோட்டார் சைக்கிள்காரர்கள் புகார் சொல்வதுண்டு. "பாக்கறது இனாம். ஒட்டறதுக்குத்தான் காசு," என்று பதில் வரும். ஒட்டிய டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, வண்டிக்காரரைப் பார்த்துச் சொல்லச் சொல்வார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் மகன் யோவானியைத் தேசிய அணியில் எடுத்துவிட்டார்கள். யோவானி பந்து எறிகிறவன்; ஆட்டம் கத்திமுனையில் நிற்கும் கடைசி இன்னிங்ஸில் இறக்கிவிடப்படுகிற ஆள். தெரு ஆடித் தீர்த்தது. ஆடி ஓய்ந்த பிறகுதான் எல்லோருக்கும் அப்பன் ஞாபகம் வந்தது. தாய்க் கண்ணே பட்டுவிடும் என்பார்கள். இவர் கண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு மகன் எறிவதை ஒரு தரமாவது பார்க்க அவருக்கு உயிர் அடித்துக்கொண்டது. ஆனாலும் நாற்காலியைத் திருப்பித்தான் போட்டார். மற்றவர்கள் கத்துவதை வைத்து மகன் எப்படி எறிகிறான் என்று தெரிந்துகொண்டார்.

அரையிறுதியில் எதிரணி போர்ட்டோ ரிக்கோ என்று முடிவானதும் ஃபெலிசாவுக்கு யோசனை பிறந்தது.

"ராசியில்லாத ஆள செவுத்தப் பாக்க வெச்சு வீணடிக்கலாமா? எதிராளி வீட்ல கொண்டுபோயி உக்கார வெய்யி."

எதிராளி எதிர்வீட்டிலேயே இருந்தார். பெயர் ஃபெர்மின். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, கப்பலில் சமையல் செய்து ஓய்ந்து, மனைவியின் ஊர் என்று இங்கே வந்து தங்கியவர்.

"ஆனா ஒண்ணுண்ணே. மனசார அவங்களுக்குத்தான் கத்தணும். நடிச்சா ராசி கண்டுபிடிச்சிரும்," என்றாள் ஃபெலிசா பியென்வெனிதோவிடம்.

"கத்தறேன்."

"யோவானி எறிய வந்தாலும்."

கையிலிருந்த டயரைக் கொஞ்சநேரம் சுழற்றினார். "அப்பவும் கத்தறேன். டிவிய நேரா பாத்துதானே?"

ஆட்டத்தன்று ஃபெர்மின் கதவைத் திறந்து, மேலும் கீழும் பார்த்தார். "ஒன்ன எதுக்கு அனுப்பியிருக்காங்கன்னு எனக்குத் தெரியும்யா."

"தெரிஞ்சுமா உள்ள விடறீங்க?"

"எங்காளுங்களுக்கு ஆடத் தெரியும். ராசியெல்லாம் ஒங்களுக்குத்தான். உக்காரு." தன் நாட்டுத் தொப்பி ஒன்றை எடுத்து அவர் தலையில் கவிழ்த்தார். "இது இல்லாம இந்த வீட்ல ஆட்டம் பாக்க முடியாது." நசுக்கிப் பொரித்த வாழைக்காயும் வந்தது.

பியென்வெனிதோ உண்மையாகவே கத்தினார். அவர் குரல் கேட்கக் கேட்கத் தெரு பூரித்தது. போர்ட்டோ ரிக்கோவின் நல்ல நல்ல ஆட்களெல்லாம் மட்டையால் காற்றை வெளுத்துவிட்டுப் போனார்கள். கடைசி இன்னிங்ஸில் எங்களுக்கு ஒரே ஒரு ரன் கூடுதல். யோவானி வந்தான்.

திரை நிறைய மகன் முகம். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் காது மடலைத் தேய்த்துக்கொண்டான். சின்ன வயதில் திட்டு வாங்கும்போது அப்படித்தான் நிற்பான். பியென்வெனிதோவுக்குச் சத்தம் நின்றுபோயிற்று.

"சத்தம் கேக்கல," என்று தெருவிலிருந்து ஃபெலிசா குரல் கொடுத்தாள்.

"அடிடா. அவன் பந்த அடி," என்றார்.

இரண்டு பேர் அவுட். ஆனால் ஓடிவரத் தயாராக அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். மட்டைக்காரன் இன்னும் ஒரு பந்தைக் கோட்டைவிட்டால் எங்களுக்கு வெற்றி. ஒரு நல்ல அடி விழுந்தால் அவர்களுக்கு. யோவானி மறுபடி காதைத் தேய்த்தான். பியென்வெனிதோ சட்டென்று எழுந்து போய், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிவிக்கு முதுகு காட்டி நின்றார்.

"என்னய்யா, இந்த நேரத்தில? ஒம் புள்ளயப் பாரு."

"மாட்டேன்."

"ஏன்?"

"மனசு எம் புள்ள பக்கம் போயிருச்சு."

ஃபெர்மின் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். இரக்கத்தில் செய்தாரா, தன் நாட்டுக்காகச் செய்தாரா என்பது இன்றுவரை தெருவில் தீராத வழக்கு. பியென்வெனிதோ கம்பியை விடவில்லை. இழுபறியில் தொப்பி கீழே விழுந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "அடி, அடி," என்று ஜன்னலிடம் முணுமுணுத்தார்.

தெரு வெடித்தது. பானைகளைத் தட்டினார்கள், மோட்டார் சைக்கிள்கள் ஹாரனை அழுத்தின. ஃபெர்மின் நாற்காலியில் போய் விழுந்து, சத்தத்தைக் குறைத்தார்.

"திரும்புய்யா. கடைசிப் பந்தத் திருப்பிப் போடறான்."

"பழசுதானே?"

"நடந்து முடிஞ்சது. இனிமே நீ நெனச்சாலும் ஒண்ணும் ஆவாது."

பியென்வெனிதோ திரும்பினார். திரையில் யோவானி காதைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவர் குனிந்து, தரையில் கிடந்த போர்ட்டோ ரிக்கோ தொப்பியை எடுத்துத் தூசி தட்டி, காது மறைய அழுத்திப் போட்டுக்கொண்டு, பார்க்க உட்கார்ந்தார்.