ஆணம் பொங்கிய படம்

தங்கச்சியைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் ராத்தா, அவருடைய அக்கா, செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிய பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஒண்ட மறந்திட்டன் மாமி. தம்பி கேட்டு வரச் சொன்னான். புள்ளைக்கு எல்லாத்தையும் விட விருப்பமான படம் எது? ஒண்டே ஒண்டுதான் சொல்லணுமாம். நாளைக்கு அசர் தொழுகைக்குப் பொறகு அவனே கோல் எடுப்பான். நீங்களும் பக்கத்துல இரிங்க."

உம்மாவுக்கு விளங்கவில்லை. "சினிமாப் படமா?"

"ஓம் மாமி. அவனுக்கு அது ஒரு விசர்."

கேற் சாத்தப்பட்டதுதான் தாமதம், உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற தங்கச்சி பாய்ந்து வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்களையும் அவளே வேண்டாம் என்று அனுப்பியவள். ஒருவர் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். மற்றவர் இன்னும் படிக்கிற எண்ணமா என்று கேட்டார். இரண்டுக்கும் அவள் தலையைக்கூட அசைக்கவில்லை. இப்போது என் கையைப் பிடித்து உலுப்பிக்கொண்டு, "ராத்தா, இவர்தான் எனக்குச் சரி. நாளைக்கு நான் சொல்றதுல பிழைச்சா என்ன செய்யிற?" என்கிறாள்.

பிழைக்கக் கூடாது. அவளுக்கு மட்டுமல்ல, எங்கள் எல்லோருக்கும்தான். எங்கள் ஊர்ப் பக்கம் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்போம். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். மூத்த ராத்தாவின் வீடு, என் வீடு, தங்கச்சிக்கு என்று கட்டியது, எல்லாம் உம்மாவின் வளவுக்குள், ஒரே வேலிக்குள்தான். வேலை முடிந்தால் எல்லோரும் உம்மாவின் ஹோலில் கூடிப் படம் பார்ப்போம். வருகிறவர் அந்தப் பாயில் எங்களோடு இருக்கப்போகிறவர்.

அன்று பின்னேரமே சண்டை தொடங்கிவிட்டது.

"நான் சொல்றன் கேளு," என்றார் மூத்த ராத்தா. "கரண்ட் போன படத்தச் சொல்லு. அதப் போல நாட்டுல படமில்ல."

"அதுல பாதிதானே பாத்த நாம?" என்றேன்.

"பாதிக்கே அப்பிடிண்டா முழுக்கப் பாத்திருந்தா எப்பிடியிரிக்கும்!"

நான் மருதாணி அழிந்த படத்துக்காகப் பேசினேன். உம்மா, விருந்தாளி வந்த படம்தான் என்று பிடிவாதம் பிடித்தார். உங்களுக்கு இது விளங்க வேண்டுமென்றால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எந்தப் படத்துக்கும் அதன் சொந்தப் பெயர் கிடையாது. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுது, பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்து, கோப்பை கழுவி நாங்கள் வந்து இருக்கும்போது பெயர் போடும் இடம் தாண்டியிருக்கும். பென்டிரைவில் கொண்டுவரும் படங்களுக்கு வெறும் நம்பர்தான். ஆகவே அந்தப் படம் ஓடும்போது வீட்டில் என்ன நடந்ததோ, அதுவே அதற்குப் பெயர். நடிகர் யார், எடுத்தவர் யார், எதுவும் தெரியாது. ஆனால் எந்தக் காட்சியில் யார் மூக்கைச் சிந்தினார்கள் என்பது வரைக்கும் தெரியும்.

"இதென்ன, ஒங்கட விருப்பத்தயா அவர் கேட்டாரு?" தங்கச்சி நடுவில் எழும்பி நின்றாள். "என்ட படம் ஆணம் பொங்கின படம்."

எங்கள் எல்லோருக்கும் அது நினைவிருந்தது.

ஆற்றில் தோணி வலிக்கும் ஒருவன். ஒவ்வொரு காலையும் ஒரு பள்ளிக்கூட ரீச்சரை அக்கரைக்குக் கொண்டுபோகிறான். அவள் வாய் திறப்பதே இல்லை. அவன்தான் கதைக்கிறான்: மீனைப் பற்றி, வெள்ளத்தைப் பற்றி, தன் ஆட்டைப் பற்றி. கடைசியில் ஒருநாள் அவன் காய்ச்சலோடு வந்து நிற்கிறான். அவள் துடுப்பை வாங்கிக்கொண்டு, "நீங்க இரிங்க," என்கிறாள். படம் முழுக்க அவள் பேசிய பேச்சு அவ்வளவுதான். அந்த நேரம் அடுப்பில் மீன் குழம்பு, எங்கள் பேச்சில் ஆணம், பொங்கி, நெருப்பு அணைந்து, குசினியெல்லாம் புகை. நாங்கள் நான்கு பேரும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"நல்லதுதான் புள்ள," என்றார் உம்மா. "ஆனா தோணிக்காரன்ட கத எண்டா மாப்புள என்ன நினைப்பாரோ. கொஞ்சம் படிச்ச ஆக்கள்ற படமாச் சொன்னா என்ன?"

"பொய் சொல்லி எடுக்கிற மாப்புள எனக்கு வேணாம் உம்மா."

மறுநாள் அசர் தொழுகை முடிந்து வாப்பா தொப்பியோடு வந்து கதிரையில் அமர்ந்தார். வாப்பாவுக்குப் படம் பிடிக்காது. நாங்கள் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கதிரையிலேயே கண்ணை மூடிப் படுத்திருப்பார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தோம். ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்து, கடைசியில் மாப்பிள்ளை கேட்டார்:

"அப்ப, ஒங்களுக்கு விருப்பமான படம்?"

"ஆணம் பொங்கின படம்," என்றாள் தங்கச்சி. தெளிவாக, ஒரு பிசகும் இல்லாமல்.

அந்தப் பக்கம் பெயரைத் தேடித் தட்டும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நேற்றிலிருந்து எந்தப் படம் என்று அடிபட்டோமே தவிர, அதன் பெயர் என்ன என்று ஒருவருக்கும் யோசனை வரவில்லை!

"அப்பிடியொரு படம் வந்திரிக்கா?" என்றார் அவர். "ஆரு எடுத்த?"

என் கணவர் வாசலில் நின்று அவசர அவசரமாகத் தன் போனில் தோணி, ஆறு, ரீச்சர் என்று தேடினார். தோணி எஞ்சின் விளம்பரம்தான் வந்தது. அதைத் திருப்பி என்னிடம் காட்டுகிறார்! மூத்த ராத்தா தங்கச்சியின் காதில், "வேற ஒண்டச் சொல்லுகா, வேற ஒண்டச் சொல்லு," என்று கிசுகிசுத்தார்.

"இல்ல," என்றாள் தங்கச்சி. போனுக்குக் கிட்டே குனிந்தாள். "அதுக்கு நாங்க வச்ச பேரு அது. உண்மையான பேரு எங்களுக்குத் தெரியா. கதையச் சொல்றன், கேக்கிறீங்களா?"

"சொல்லுங்க."

சொன்னாள். எப்படிச் சொன்னாள்! ஆடு தோணியில் ஏற மறுக்கும் இடத்தில் நான் பொறுக்க முடியாமல் உள்ளே புகுந்தேன். வெள்ளக் காட்சியை உம்மா எடுத்துக்கொண்டார். ரீச்சர் துடுப்பை வாங்குவதற்கு முன்பே மழை தொடங்கிவிட்டது என்றார் மூத்த ராத்தா. இல்லை, வாங்கிய பிறகுதான் என்றேன். "நீ எங்க பாத்த, நீ மூக்கச் சிந்திக்கொண்டிருந்த!" "ராத்தா, நீங்க கண்ணத் தொடச்சிக்கொண்டிருந்தீங்க!"

"மழ பொறகுதான்," என்றது கதிரைப் பக்கமிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினோம். வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"வாப்பாவும் பாத்திரிக்காரு! நித்திரயாம் நித்திர!" என்று மூத்த ராத்தா கத்தினார். நாங்கள் சிரித்த சிரிப்பில் போனில் ஒருவர் காத்திருப்பதே மறந்துபோனது.

"ஒண்டு கேக்கட்டா?" என்றது போன். எல்லோரும் வாயை மூடினோம். "படம் பாக்கக்குள்ளயும் இப்பிடித்தான் கதைப்பீங்களா? நான் கதவச் சாத்திட்டுத் தனியத்தான் பாக்கிற. ஆராவது இருமினாலும் எனக்கு ஏலா."

தங்கச்சியின் முகம் சட்டென்று சுருங்கியது. உம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். ஒரு 'இல்லை' சொல்லிவிட்டால் விஷயம் சுகமாக முடிந்துவிடும். அது அவளுக்கும் தெரியும். விரல் நகத்தை ஒருதரம் பார்த்தாள்.

"ஓம், கதைப்பம்," என்றாள். "எங்கட ஊட்டுல ஆராவது பேசாமப் படம் பாத்தா, அவங்க கோவமா இரிக்காங்க எண்டுதான் நினைப்பம். ஒங்கட படத்த நீங்க இன்னும் சொல்லல்லியே?"

"என்ட படமா?" அவர் தடுமாறினார். "அது... நாலஞ்சி இரிக்கி. ஒண்டண்டு சொல்லக் கஷ்டம்."

உம்மாவுக்கு வந்ததே கோபம்! போனைத் தூக்கி வாய்க்கு நேரே பிடித்தார். "மகன், எங்கட புள்ளய ராவெல்லாம் முழிக்க வச்சிட்டு, ஒங்களுக்கே சொல்ல ஏலாதா? நல்ல ஞாயம்! மஃரிபுக்கு முதல் சொல்லுங்க. அதுக்குப் பொறகு நாங்க பதில் சொல்றம்."

வைத்துவிட்டார். "உம்மா, கெடுத்திட்டீங்க!" என்று தங்கச்சி அழாத குறை. உம்மாவே தன் கையிலிருந்த போனைப் பார்த்துத் திகைத்துப்போய் இருந்தார்.

யாரும் இடத்தை விட்டு எழும்பவில்லை. தேத்தண்ணி ஆறியது. பள்ளிவாசல் பக்கம் போவதற்கு வாப்பா சாரத்தை உதறிக் கட்டியபோது குரல் பதிவு ஒன்று வந்தது. தங்கச்சி போனை என் பக்கம் தள்ளினாள், நான்தான் அழுத்தினேன்.

"யோசிச்சிப் பாத்தன். ஒரு படம் இரிக்கி. அது நல்லமா கூடாதா எண்டு இப்ப எனக்கு ஞாபகமில்ல. பாதியில எங்கட உம்மா தொழப் போயிட்டு வந்து, 'என்ன நடந்த, என்ன நடந்த' எண்டு கேட்டுக்கொண்டே இருந்தா. நான் ஏசி ஏசிச் சொல்லிக் குடுத்தன். பொறகு ரெண்டு பேரும் சேந்து சிரிச்ச. உம்மா மவுத்தாகி அடக்கினதுக்குப் பொறகு அந்தப் படத்தப் போட எனக்கு மனம் வரல்ல. ஒங்கட மாதிரிச் சொன்னா, உம்மா கேட்டுக்கொண்டே இருந்த படம். அதான் என்ட படம்."

மூத்த ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வாப்பா கதவருகே நின்று தங்கச்சியைப் பார்த்தார். "என்ன மகள்?"

"ஓம் எண்டு சொல்லுங்க வாப்பா," என்றாள். பிறகு என்னிடமிருந்து போனைப் பறித்துக்கொண்டு, மறுபடி கேட்க அறைக்குள் ஓடினாள்.